மூச்சு மோசமாவதற்கு முன்னால்

(சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பிள்ளைகளின் பெற்றோரும் செவிலியரும் கூடிய அரங்கில் ஒரு நுரையீரல் மருத்துவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள ஒரு பிள்ளைக்கு இருமல் கூடுகிறது. சளி கெட்டியாகி நிறம் மாறுகிறது. சாப்பாடு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து, இரண்டு வாரம் நரம்பில் மருந்து ஏற்றி, இருமல் அடங்கி வீட்டுக்குப் புறப்படும் நாளில் அம்மாவோ அப்பாவோ கட்டாயம் ஒன்று கேட்பார்கள்: "பழையபடி ஆயிடுச்சா டாக்டர்?" பெரும்பாலோருக்கு ஆகிவிடும். எல்லோருக்கும் ஆகாது. அமெரிக்க நோயாளிகளின் பதிவேட்டை வைத்து 2010இல் வந்த ஓர் ஆய்வு இதை அளந்து பார்த்தது. நரம்புவழி மருந்து முடித்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, அடுத்த மூன்று மாதத்தில் எடுத்த அளவுகளில் மிகச் சிறந்ததைப் பார்த்தாலும், ஊதும் திறன் பழைய அளவின் 90 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. பிள்ளை சிரிக்கிறது, விளையாடுகிறது, பள்ளிக்கூடம் போகிறது. ஆனால் நுரையீரலில் ஒரு பங்கு திரும்பி வரவில்லை. அந்த இழப்பு எப்படி நேர்கிறது, எப்படித் தடுப்பது, மோசமாகிவிட்டால் என்ன செய்வது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். பெற்றோர் மட்டும் வாருங்கள், பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம் என்று அழைப்பிதழில் கேட்டிருந்தோம். சிலருக்கு அது மனவருத்தமாக இருந்திருக்கும். காரணத்தைப் பேச்சின் நடுவில் சொல்கிறேன்.

நோயின் அடிப்படை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் உடலின் உள்பரப்புச் செல்களில் குளோரைடையும் பைகார்பனேட்டையும் கடத்துகிற ஒரு புரதம் இருக்கிறது. அதற்கான மரபணு ஏழாவது குரோமோசோமில் இருப்பதை 1989இல் டொராண்டோவில் லாப்-சீ சூயியும் ஜாக் ரியார்டனும், மிச்சிகனில் ஃபிரான்சிஸ் காலின்ஸும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பழுதான பிரதிகள் வந்தால்தான் நோய். ஒன்று மட்டும் பழுதாக இருப்பவர் நலமாகவே இருப்பார். கணவன் மனைவி இருவருமே அப்படி இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்யும் நம் குடும்பங்களில் இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

இந்தப் புரதம் வேலை செய்யாதபோது மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்க வேண்டிய ஈரப்படலம் வற்றுகிறது. சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டிய நுண்ணிய ரோமங்கள் அசைய முடியாமல் படிந்துபோகின்றன. சளி தேங்குகிறது, கிருமி குடியேறுகிறது. சிறு வயதில் பெரும்பாலும் ஸ்டஃபிலோகாக்கஸ், ஹீமோஃபிலஸ். போகப் போகப் பலருக்கும் சூடோமோனாஸ். அதை எதிர்க்க வெள்ளையணுக்கள் கூட்டமாக வருகின்றன, அங்கேயே மடிகின்றன. மடிந்த அணுக்களிலிருந்து கொட்டும் டிஎன்ஏ சளியை இன்னும் பிசுபிசுப்பாக்குகிறது. அவை விட்டுச்செல்லும் எலாஸ்டேஸ் என்ற நொதி மூச்சுக்குழாயின் சுவரையே அரிக்கிறது. அரிக்கப்பட்ட சுவர் அகன்று தொய்ந்துவிட்டால் அங்கே சளி இன்னும் அதிகமாகத் தேங்கும்.

இது அன்றாடம் மெதுவாக நடப்பது. சில வேளைகளில் திடீரென்று வேகம் எடுக்கும். மருத்துவர்கள் எக்ஸாசர்பேஷன் என்பார்கள். நான் தீவிரக் கட்டம் என்று சொல்லிக்கொண்டு போகிறேன். அப்போது புதிதாக ஏதோ ஒரு கிருமி உள்ளே புகுந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. சளியைச் சோதித்தால் நலமாக இருந்த நாளில் இருந்த அதே கிருமி, அதே வகைதான் தெரியும். ஒரு சாதாரண ஜலதோஷ வைரஸ் வந்து சமநிலையைக் குலைத்திருக்கலாம். புகை உள்ளே போயிருக்கலாம். நான்கு நாள் நெபுலைசர் வைக்காமல் விட்டிருக்கலாம். எதனால் கிளம்பியது என்று கடைசிவரை தெரியாமலே போவதும் உண்டு.

ஆக, எதிரி எப்போதும் உள்ளேயே இருக்கிறது. இதை முதலில் முழுமையாக உணர்ந்து நடந்தவர் லீராய் மேத்யூஸ் என்று சொல்லலாம். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1938இல் நியூயார்க்கில் டோரதி ஆண்டர்சன் என்ற மருத்துவர் இதைத் தனி நோயாக விவரித்த காலத்தில், பெரும்பாலான குழந்தைகள் முதல் பிறந்த நாளைக்கூடப் பார்க்கவில்லை. 1950களிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்தால் மருந்து கொடுப்பார்கள், தணிந்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள், மறுபடி வந்தால் மறுபடி மருந்து. 1957இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் மேத்யூஸ் வேறு வழியில் போனார். நோய் தினமும் சேர்ந்துகொண்டே வருகிறது, ஆகவே பிள்ளை நலமாகத் தெரியும்போதே வைத்தியம் தொடங்க வேண்டும் என்றார். நெஞ்சிலும் முதுகிலும் தட்டிச் சளியை வெளியேற்றுவதை இருமல் இல்லாத நாளிலும் தினமும் செய்யச் சொன்னார். இரவில் ஈரப்பதம் நிறைந்த கூடாரத்துக்குள் படுக்க வைத்தார். கூடாரத்தால் பலன் இல்லை என்று பின்னால் தெரிந்து அதைக் கைவிட்டார்கள். தட்டுவதும் முன்கூட்டியே வைத்தியம் செய்வதும் நிலைத்துவிட்டன.

தன்னிடம் பிள்ளைகள் மிகக் குறைவாகவே இறக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது மற்ற மருத்துவர்கள் நம்பவில்லை. 1964இல் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஃபவுண்டேஷன், மின்னசோட்டாவைச் சேர்ந்த வாரன் வார்விக் என்ற இளம் மருத்துவரிடம் 10,000 டாலர் கொடுத்து, நாட்டில் இருந்த 31 மையங்களின் கணக்கையும் எடுக்கச் சொன்னது. மேத்யூஸ் சொன்னது உண்மை என்று அந்தக் கணக்கு காட்டியது. மற்ற இடங்களில் பிள்ளைகள் ஏறத்தாழ மூன்று வயதில் இறந்துகொண்டிருந்தபோது, கிளீவ்லாண்டில் அந்த எண் 21. புதிய மருந்து எதுவும் அவர் கையில் இல்லை. எல்லோரிடமும் இருந்ததுதான் அவரிடமும் இருந்தது. மற்றவர்கள் மோசமான நாளுக்காகக் காத்திருந்தார்கள். அவர் நல்ல நாட்களில் வேலை செய்தார். மற்ற மையங்களும் அவருடைய வழியைப் பின்பற்றத் தொடங்கியபின், 1966க்குள் அமெரிக்காவின் சராசரி 10 ஆண்டாகவும், 1972க்குள் 18 ஆண்டாகவும் ஏறியது.

கணக்கெடுக்கப் போன வார்விக்கே பின்னாளில் இந்த நோயில் பெரிய பெயர் ஆனார். சளியை அதிர்வால் தளர்த்தும் மேலங்கியை உருவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. ஒருநாள் அவருடைய மருத்துவமனையில் நடந்ததை மருத்துவரும் எழுத்தாளருமான அதுல் கவாண்டே 2004இல் 'நியூயார்க்கர்' இதழில் எழுதியிருக்கிறார். 17 வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள். இருமல் இல்லை, நன்றாக இருக்கிறாள். ஊதிப் பார்த்தால் இயல்போடு ஒப்பிட 109 சதவீதமாக இருந்த அளவு மூன்று மாதத்தில் 90க்கு இறங்கியிருக்கிறது. 90 என்பது நல்ல அளவுதானே என்று அந்தப் பெண்ணும் நினைக்கிறாள், பார்த்துக்கொண்டிருந்தவர்களும் நினைக்கிறார்கள். வார்விக் விடவில்லை, துருவிக் கேட்கிறார். புது வேலை, புது நட்பு, நேரம் இல்லை. வைத்தியத்தை விட்டும் எதுவும் ஆகவில்லை என்பதால் அப்படியே விட்டுவிட்டாள். அப்போது அவர் ஒரு கணக்குச் சொல்கிறார். வைத்தியம் செய்யாதவருக்கு ஒரு நாளில் நெஞ்சு மோசமாகும் வாய்ப்பு 0.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். செய்பவருக்கு 0.05 சதவீதம். அதாவது இன்று நலமாக இருக்கும் வாய்ப்பு, செய்யாதவருக்கு 99.5, செய்பவருக்கு 99.95. ஒரு நாளை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதையே 365 நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள். செய்பவர்களில் 83 சதவீதம் பேர் ஆண்டு முழுவதும் நலமாக இருப்பார்கள். செய்யாதவர்களில் 16 சதவீதம் பேர்தான்.

வைத்தியத்தை நடுவில் விட்ட பிள்ளைகளைச் சோம்பேறி என்றும் பொறுப்பில்லாதவன் என்றும் நாம் திட்டிவிடுகிறோம். அவர்கள் தங்கள் அனுபவத்தில் கண்டதைத்தான் நம்புகிறார்கள்: நேற்று நெபுலைசர் வைக்கவில்லை, இன்று ஒன்றும் ஆகவில்லை. அந்த அனுபவம் பொய்யும் இல்லை. ஒரு நாளில் தெரியாதது ஓர் ஆண்டில்தான் தெரியும். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளையிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். திட்டுவதைவிட இது வேலை செய்யும்.

சரி, தினமும் என்ன செய்ய வேண்டும்?

சளியை வெளியேற்றுவதுதான் முதல் வேலை. தட்டிவிடும் பழைய முறை குழந்தைகளுக்கு இன்றும் பயன்படுகிறது. பெரிய பிள்ளைகள் தாங்களே செய்யக்கூடிய மூச்சுப்பயிற்சிகளும், எதிர் அழுத்தம் தரும் சிறு கருவிகளும் வந்துவிட்டன. ஒரு முறையைவிட இன்னொன்று உயர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை. உங்கள் பிள்ளை எதைத் தினமும் செய்யுமோ அதுதான் உங்களுக்கு நல்ல முறை. எந்த முறையிலும் 'ஹஃப்' என்ற ஊதலைக் கற்றுக்கொள்வது அவசியம். தொண்டை கிழிய இருமாமல், வாயை நன்றாகத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல ஊத வேண்டும். மூச்சுக்குழாய் மூடிக்கொள்ளாமல் சளி மேலே வரும். பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய், சரியாகத்தான் செய்கிறீர்களா என்று காட்டிவிட்டு வாருங்கள்.

சளியை இளக்க இரண்டு மருந்துகள். ஒன்று வெறும் உப்புநீர். அதன் கதை ஆஸ்திரேலியாவில் தொடங்குகிறது. கடலில் சர்ஃபிங் செய்துவிட்டு வரும் நோயாளிகளுக்குச் சளி எளிதாக வெளியேறி மூச்சு லேசாக இருப்பதைக் கவனித்தார்கள். அதைச் சிட்னி மருத்துவர்கள் முறையாகச் சோதித்தார்கள். 7 சதவீத உப்புக்கரைசலை நாளுக்கு இருமுறை, 48 வாரம், 164 பேரைக் கொண்டு நடந்த அந்த ஆய்வு 2006இல் வெளியானது. ஊதும் அளவில் ஏற்றம் சிறியதுதான். ஆனால் தீவிரக் கட்டங்கள் 56 சதவீதம் குறைந்தன. உப்பு, தண்ணீர், அவ்வளவுதான். விலை உயர்ந்த மருந்து கிடைக்காத நம்மைப் போன்ற நாட்டுக்கு இதைவிட ஆறுதலான செய்தி இந்தத் துறையில் குறைவு. மூச்சுக்குழாய் சுருங்காமல் இருக்க முன்னதாகச் சால்பூட்டமால் வைக்க வேண்டும். முதல் முறை மருத்துவர் முன்னிலையில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்னொரு மருந்து டோர்னேஸ் ஆல்ஃபா. சளியில் கிடக்கும் டிஎன்ஏவை வெட்டுகிற நொதி. 1994இல் வெளிவந்த பெரிய ஆய்வில் நாளுக்கு ஒருமுறை எடுத்தவர்களுக்குத் தீவிரக் கட்ட ஆபத்து 28 சதவீதம் குறைந்தது. விலை அதிகம்.

சூடோமோனாஸ் நிலையாகத் தங்கிவிட்டவர்களுக்கு டோப்ரமைசின் போன்ற மருந்தை நெபுலைசரில் 28 நாள் வைத்து, 28 நாள் விட்டு, மறுபடி வைக்கிறோம். அசித்ரோமைசின் மாத்திரையை வாரத்துக்கு மூன்று நாள் கொடுப்பதும் தீவிரக் கட்டங்களைக் குறைக்கிறது. அதைத் தொடங்கும் முன் சளியில் காசநோய் சாராத மைக்கோபாக்டீரியா இல்லை என்று சோதித்தாக வேண்டும். இந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் அந்தக் கிருமி எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடும். வரிசை முக்கியம்: முதலில் சால்பூட்டமால், பிறகு உப்புநீர், பிறகு சளி வெளியேற்றும் பயிற்சி, கடைசியில் ஆன்டிபயாடிக். சளி நிறைந்திருக்கும்போது ஆன்டிபயாடிக்கை வைத்தால் அது சளியின் மேல் படிந்து வீணாகும்.

நெபுலைசர் கப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் அடிக்கடி தவறுவது இங்கேதான். வெறும் குழாய்த் தண்ணீரில் அலசி ஈரத்தோடு பெட்டிக்குள் போட்டு மூடுவது சூடோமோனாஸுக்கு விருந்து வைப்பது. ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். நாளுக்கு ஒருமுறையாவது, உங்கள் கப் தாங்கும் வகை என்றால், கொதிக்கும் நீரில் 5 நிமிடம் போட்டு எடுத்து, சுத்தமான இடத்தில் தானாகக் காயவிடுங்கள். எல்லோரும் கை துடைக்கும் துண்டால் துடைக்காதீர்கள். வினிகரில் ஊறவைத்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். போதாது.

இப்போது அழைப்பிதழுக்கு வருகிறேன். 1980களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்தப் பிள்ளைகளுக்கென்று கோடை முகாம்கள் நடந்தன. ஒரே நோய் உள்ளவர்கள் சேர்ந்து விளையாடி, நண்பர்கள் ஆன இடம். அங்கேதான் பர்கோல்டேரியா செபேசியா என்ற மிகக் கொடிய கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றியது தெரியவந்தது. முகாம்களை நிறுத்த வேண்டியதாயிற்று. 1996இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் ஒரே வகைச் சூடோமோனாஸ் ஒரு மருத்துவமனையின் பிள்ளைகள் பலரிடம் பரவியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே இந்த நோய் உள்ள இருவர் குறைந்தது 2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், ஒரே அறையில் கூடக் கூடாது என்பது இன்றைய விதி. தன் நோயை முழுமையாகப் புரிந்துகொள்ளக்கூடிய இன்னொரு பிள்ளையின் தோளில் கைபோட முடியாது என்பது கொடுமையான விதிதான். அதை நான் சமாதானம் சொல்லி மழுப்ப மாட்டேன். கைபேசியில் பேசிக்கொள்ளட்டும், முகம் பார்த்துக்கொள்ளட்டும்.

கோபன்ஹேகன் மருத்துவர்கள் இதில் மற்றவர்களுக்கு முன்னோடி. 1980களின் தொடக்கத்திலேயே கிருமி உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் பிரித்தார்கள். மாதாமாதம் சளியைச் சோதித்தார்கள். சூடோமோனாஸ் முதல்முறை தெரிந்ததுமே, பிள்ளைக்கு எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், நெபுலைசரில் கொலிஸ்டினும் வாய்வழி சிப்ரோஃப்ளாக்சசினும் மூன்று வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 1991இல் வெளியான அந்தச் சிறு ஆய்வில், மருந்து பெற்றவர்களில் 14 சதவீதம் பேருக்கே கிருமி நிலைத்துத் தங்கியது. பெறாதவர்களில் 58 சதவீதம் பேருக்கு. இன்று உலகெங்கும் முதல் சூடோமோனாஸை விரட்டியடிக்க முயல்வது இதனால்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சளிச் சோதனைக்கு நாங்கள் நச்சரிப்பதும் இதனால்தான். சளி துப்பத் தெரியாத குழந்தைக்குத் தொண்டையில் பஞ்சுக் குச்சியால் எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு செய்தும் தீவிரக் கட்டம் வரும். அதை எப்படி அடையாளம் காண்பது? காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பலருக்குக் காய்ச்சலே வராது. இருமல் கூடுவது, இரவு இருமலில் எழுந்திருப்பது, சளியின் அளவோ நிறமோ கெட்டித்தன்மையோ மாறுவது, மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, சாப்பாட்டில் நாட்டம் குறைவது, எடை இறங்குவது, காரணமில்லாத சோர்வு, ஊதும் அளவு 10 சதவீதம் குறைவது. இவற்றை மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. உங்கள் பிள்ளையின் வழக்கமான நாளோடு ஒப்பிட வேண்டும். தினமும் காலையில் இரண்டு முறை இருமும் பிள்ளை இப்போது பத்து முறை இருமினால், அது போதும், போன் செய்யுங்கள். வழக்கமான நாள் எது என்று தெரிய வேண்டுமானால் நலமாக இருக்கும்போதே ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்க வேண்டும்.

வீட்டிலேயே ஸ்பைரோமீட்டர் வைத்து வாரம் இருமுறை ஊதிப் பார்த்தால் நுரையீரலைக் காப்பாற்றிவிடலாமா என்று அமெரிக்காவில் ஓராண்டு சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். தீவிரக் கட்டங்கள் அதிகமாகக் கண்டறியப்பட்டன. ஆனால் ஆண்டு முடிவில் நுரையீரலின் திறனில் வித்தியாசம் இல்லை. கருவி வாங்கிவிட்டோம் என்ற நிம்மதியில் மற்றதை விட்டுவிடாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். எண் இறங்கியதும் உங்களோடு பேச ஒரு மருத்துவர் வேண்டும், அன்றே மருந்து தொடங்க வேண்டும்.

இனி வைத்தியம். லேசான கட்டத்துக்கு வாய்வழி ஆன்டிபயாடிக் இரண்டு வாரம், கூடவே சளி வெளியேற்றும் பயிற்சியை இரட்டிப்பாக்குவது. இதில் தேறாவிட்டாலோ, தொடக்கமே கடுமையாக இருந்தாலோ ஆஸ்பத்திரி. சூடோமோனாஸ் இருந்தால் வழக்கமாக இரண்டு மருந்துகளைச் சேர்த்து நரம்பில் ஏற்றுகிறோம்: செஃப்டாசிடிம் போன்ற ஒன்று, டோப்ரமைசினோ அமிகாசினோ ஒன்று. இந்த நோயாளிகளின் உடல் மருந்தை வேகமாக வெளியேற்றிவிடுவதால் மற்றவர்களைவிட அதிக அளவு தேவைப்படும். அளவைப் பார்த்துப் பயந்து பாதியாகக் குறைக்கும் இடங்கள் உண்டு. அது வைத்தியமே செய்யாததற்குச் சமம். அதே நேரம் டோப்ரமைசின் வகை மருந்து சிறுநீரகத்தையும் காதையும் தாக்கக்கூடியது. ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்க வேண்டும், அவ்வப்போது காது கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். காதில் இரைச்சல், தலைசுற்றல் என்றால் உடனே சொல்லுங்கள். அந்த நாட்களில் வலிக்கு ஐபுப்ரோஃபென் கொடுக்காதீர்கள். டோப்ரமைசினை நாளுக்கு மூன்று முறை கொடுத்துவந்த இடத்தில் ஒரே முறை கொடுத்தாலும் பலன் குறையவில்லை, பிள்ளைகளின் சிறுநீரகத்துக்குப் பாதிப்பும் குறைவு என்று 2005இல் பிரிட்டனில் நடந்த ஆய்வு காட்டியது.

சளிச் சோதனை அறிக்கையில் எல்லா மருந்துக்கும் 'ரெசிஸ்டன்ட்' என்று அச்சாகி வந்தால் பெற்றோர் கலங்கிப்போகிறார்கள். இந்த நோயில் அந்த அறிக்கைக்கும் பிள்ளை தேறுவதற்கும் நேரடித் தொடர்பு குறைவு. போனமுறை எந்த மருந்தில் தேறினான் என்பது அறிக்கையைவிட நல்ல வழிகாட்டி. ஆகவே பழைய டிஸ்சார்ஜ் சம்மரிகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

எத்தனை நாள்? இரண்டு வாரம் என்பது நெடுநாளாகப் பழக்கத்தில் வந்தது. அதை அமெரிக்காவில் 982 பேரிடம் சோதித்து 2021இல் முடிவு சொன்னார்கள். முதல் வாரத்திலேயே நன்றாகத் தேறியவர்களுக்கு 10 நாளே போதும், 14 நாள் கூடுதல் பலன் தரவில்லை. மெதுவாகத் தேறுபவர்களுக்கு 21 நாள் கொடுத்தாலும் 14 நாளைவிட மேலான பலன் இல்லை. எனவே இரண்டாவது வாரத்திலும் தேறவில்லை என்றால் அதே மருந்தை இழுத்துக்கொண்டு போவதை நிறுத்திவிட்டு, வேறு எதையாவது கவனிக்காமல் விட்டோமா என்று தேட வேண்டும். ஆஸ்பர்ஜிலஸ் பூஞ்சைக்கு ஒவ்வாமை இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாடிக் பயன்படாது, ஸ்டீராய்டு தேவைப்படும். சர்க்கரை நோய் தொடங்கியிருக்கலாம். இந்த நோயில் கணையம் பழுதாவதால் 10 வயதுக்குப் பிறகு ஆண்டுதோறும் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனை வேண்டும். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதும் பயிற்சியை நிறுத்தக் கூடாது, சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. நெய், முட்டை, வேர்க்கடலை, கூடவே கணைய நொதி மாத்திரை. இருமலில் ஒரு தேக்கரண்டி அளவு ரத்தம் வந்தாலோ, திடீரென்று நெஞ்சில் ஒரு பக்கம் குத்தி மூச்சு அடைத்தாலோ, நேரம் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

பழுதான புரதத்தையே சரிசெய்யும் மாத்திரைகள் வந்துவிட்டதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2012இல் ஐவகாஃப்டர், 2019இல் மூன்று மருந்து சேர்ந்த ட்ரிகாஃப்டா. அதன் முதன்மை ஆய்வில் ஊதும் அளவு 14 சதவீதப் புள்ளி உயர்ந்தது, தீவிரக் கட்டங்கள் 63 சதவீதம் குறைந்தன. நான் இந்தத் துறைக்கு வந்தபோது இப்படி ஒன்றைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. மாத்திரையால் நலமாக இருப்பவர்கள் உப்புநீரையோ டோர்னேஸையோ ஆறு வாரம் நிறுத்திப் பார்த்த ஆய்வில் நுரையீரல் திறன் இறங்கவில்லை. ஆனால் அவர்கள் நல்ல நுரையீரல் உள்ளவர்கள், ஆய்வும் ஆறு வாரம்தான். மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம். அமெரிக்காவில் ட்ரிகாஃப்டாவின் பட்டியல் விலை ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். அது அதிகம் பயன்படும் மரபணுப் பிறழ்வு, ஐரோப்பியரைவிட நம்மவர்களிடம் குறைவாகவே காணப்படுகிறது. எனவே பிள்ளைக்கு எந்தப் பிறழ்வு என்று மரபணுச் சோதனை செய்து வைத்துக்கொள்ளுங்கள். விலை இறங்கும் நாளில் உங்கள் கையில் அந்தத் தாள் இருக்க வேண்டும். பணம் இல்லாததால் ஒரு பிள்ளைக்கு இந்த மருந்து கிடைக்கவில்லை என்பதை நான் ஏற்கவில்லை. இந்தச் சபையில் யாரும் ஏற்கக் கூடாது.

நம் ஊரில் இதற்கெல்லாம் முன்பே இன்னொரு தடை இருக்கிறது. இது வெள்ளைக்காரர்களின் நோய் என்ற எண்ணம் மருத்துவர்களிடமே நெடுநாள் இருந்தது. அடிக்கடி சளி, எடை ஏறவில்லை என்றால் 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' என்று சொல்லி ஆறு மாதம் காசநோய் மருந்து கொடுத்துவிடுவார்கள். அல்லது வீசிங் என்று இன்ஹேலர். சில பிள்ளைகளுக்கு அது சரியாகவும் இருக்கும். ஆனால் மருந்து முடித்தும் தேறாத பிள்ளை, எண்ணெய் மிதக்க மலம் போகும் பிள்ளை, முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் பிள்ளை, சித்திரை வெயிலில் வாந்தி எடுத்து உப்புச் சத்து இறங்கித் துவளும் கைக்குழந்தை, இவர்களுக்கு வியர்வைச் சோதனை செய்தாக வேண்டும். 1948இல் நியூயார்க்கை வாட்டிய வெயிலில் துவண்டு வந்த குழந்தைகளைப் பார்த்துத்தான் வியர்வையில் உப்பு அதிகம் என்ற உண்மையை பால் டி சான்ட்டாக்னீஸ் 1953இல் வெளியிட்டார். வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் என்றால் நோய். ஊசி இல்லை, வலி இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் இந்த நோய்க்கான பிரிவு இருக்கிறது. டெல்லி எய்ம்ஸ் குறைந்த செலவில் வியர்வைச் சோதனைக்கு வழி கண்டிருக்கிறது. நோய் உறுதியானவர்களுக்குக் கோடையில் கூடுதல் உப்பும் தண்ணீரும், ஆண்டுக்கு ஒருமுறை ஃப்ளூ தடுப்பூசியும் வேண்டும். வீட்டுக்குள் பீடி, சிகரெட், கொசுவர்த்திச் சுருள் எதுவும் கூடாது. போகியன்று காலையில் சன்னல்களைச் சாத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் தொடங்கும் முன் ஓர் அம்மா துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். மகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு மூன்று வாரத்தில் தொடங்குகிறதாம். இருமல் கொஞ்சம் கூடியிருக்கிறது, ஒரு கிலோ இறங்கியிருக்கிறாள், காய்ச்சல் இல்லை. தேர்வு முடிந்ததும் கூட்டி வரலாமா என்று கேட்டிருக்கிறார். அம்மா, தள்ளிப்போடாதீர்கள். இன்று தொடங்கினால் மாத்திரையிலேயே தேறிவிட வாய்ப்பு இருக்கிறது, தேர்வுக்கு முன் இரண்டு வார மருந்தும் முடிந்துவிடும். தேர்வு நடக்கும்போது ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால் இரண்டும் கெடும். இன்றிரவு பயிற்சியை ஒருமுறை கூட்டிச் செய்யச் சொல்லுங்கள். நாளைக் காலை பல் துலக்குவதற்கு முன் வரும் சளியைச் சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொண்டு, போனமுறை ஊதிய அளவு எழுதிய நோட்டோடு, ஒன்பது மணிக்கு வந்துவிடுங்கள். அவள் புத்தகத்தையும் எடுத்து வரட்டும். காத்திருக்கும் நேரத்தில் படிக்கலாம்.